உயிரோடு ஒப்படைத்தவர்கள்

காலை பதினொன்று நாற்பதுக்கு அந்தச் செய்தி வந்தது. உன் அம்மா பிழைத்துவிட்டாள் என்ற செய்தி. அப்போது அவளை எரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீசிட்டியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு மெஷினின் பேனலைத் திறந்து வைத்துப் பழுதான சென்சாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். உன் அம்மா போன பிறகு தெரியாத நம்பர்களை எடுக்க எனக்குப் பயமில்லை. இனிமேல் யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற நினைப்புதான்.

“சார், கோமதி மேடம் ஹஸ்பண்டுங்களா? கங்கிராட்ஸ் சார்!” ஒரு சின்னப் பெண்ணின் குரல். திருப்பதியில் ஒரு சேவைச் சங்கத்தின் பெயரைச் சொன்னாள். “மேடத்த காப்பாத்தின ஆம்புலன்ஸ் டீமுக்கு நாங்க அவார்டு தரோம் சார். வர்ற சண்டே, அலிபிரிக்கிட்ட மண்டபத்துல. மேடம் கையாலயே ஷால் போட வெச்சா நல்லா இருக்கும்னு எங்க செகரட்டரி சொன்னார். மேடம் எந்தக் கலர் பொடவை கட்டுவாங்கன்னு முன்னாலயே சொல்லிட்டா, பின்னால பேனர அதுக்கு மேட்ச்சா அடிச்சிடுவோம்.”

“அவங்க இல்ல” என்றேன்.

“வெளியூரா சார்?”

“செத்துட்டாங்க.”

அவள் “ஒன் மினிட் சார், லைன்ல இருங்க” என்றாள். போனில் பக்திப் பாட்டு ஓடியது. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நைனா, நீ இதைப் படிக்கும்போது உனக்கு என்னுடைய இப்போதைய வயது ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்றைக்கு உனக்கு மூன்று வயது. என் அப்பாவையும் நான் நைனா என்றுதான் கூப்பிடுகிறேன், உன்னையும் அப்படித்தான். வடமாலபேட்டையில் இந்த வாடகை வீட்டில் ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறீர்கள். நீ வளர்ந்த பிறகு யாராவது உனக்கு ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். அதில் உன் அப்பன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் காக்கிச் சட்டையும் பொன்னாடையுமாக நிற்கும் இரண்டு பேரைக் காட்டி, “இவங்க என் பொண்டாட்டிய காப்பாத்தல” என்று சொல்கிறான். அவ்வளவுதான் அந்த வீடியோ. அதற்கு முன்னாலும் பின்னாலும் வெட்டிவிட்டார்கள். அதன் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை எல்லாம் படித்தேன். நன்றி கெட்டவன் என்று பாதிப் பேர். ஆம்புலன்ஸ்காரர்களைத் தூக்கிலே போட வேண்டும் என்று மீதிப் பேர். இரண்டு பக்கத்துக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. அதனால்தான் நடந்ததை முழுசாக உனக்கு எழுதி வைக்கிறேன்.

உன் அம்மாவுடைய ஊர் பங்காருபாளையம் பக்கம் என்பது உனக்குத் தெரியும். மாங்காய் சீசனில் உன் தாத்தாவின் தோப்பில் ஆள் போதாது என்று நாம் மூன்று பேரும் போயிருந்தோம். மத்தியானம், பறித்துக் கொட்டி இலை போட்டு மூடியிருந்த மாங்காய்க் குவியல் பக்கத்தில் நின்று அவள் ஆட்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பாம்பு. கணுக்காலில் போட்டது. “இன்னாவோ கடிச்சுது” என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள், மோர் சிந்தாமல். போன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதில் இரண்டு பேர். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் முனிரத்தினம், நகரிக்காரர், நம் மாதிரி தமிழ் பேசுகிறவர். வண்டி ஓட்டுகிறவர் கிரி. வண்டி ஓட்டுகிறவரை அவர்கள் பைலட் என்கிறார்கள். முனிரத்தினத்துக்கு என்னை விட நாலைந்து வயது அதிகம் இருக்கும். வந்த உடனே என்னைத்தான் முதலில் திட்டினார். “எதுக்குய்யா நடக்க வெக்கிற? தூக்கு!”

சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் கண் இமை இறங்கிவிட்டது. பேச்சு குழறியது. விஷ முறிவு மருந்து ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. தொண்டையில் குழாய் இறக்கி, அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி அமுக்கினார்கள். பையை அமுக்கினால் அவள் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். அங்கே வெண்டிலேட்டர் எதுவும் காலி இல்லை, திருப்பதிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அந்த நேரத்தில்தான் நம் ஜனங்கள் செய்கிற வேலையைச் செய்தார்கள். உன் அம்மாவின் அத்தை ஓடி வந்து அவள் காதுக் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்ற ஆரம்பித்தாள். உன் அம்மம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, “என் பொண்ணு பூட்டாளே, மூணு வயசுப் புள்ளைய யாரு பாப்பாங்க” என்று கூவினாள். அத்தை ஒரு படி மேலே போய், புள்ளைக்காகவாவது இவனுக்கு வேறு பெண் பார்க்கத்தானே வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கூசாமல், உன் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு.

முனிரத்தினம் பையை அமுக்குவதை நிறுத்தாமல் தலையைத் திருப்பினார். “எம்மா, வாய மூடு. அவங்க கேட்டுக்கினு கீறாங்க.”

“இன்னாய்யா சொல்ற? கண்ணே தொறக்கல?” என்றாள் அத்தை.

“கண்ணு தொறக்க முடியல, அவ்ளோதான். விஷம் தசையத்தான் கட்டிப் போட்டிருக்குது. காது கேக்குது, மூளை ஓடுது. உன்ன இப்பிடிப் படுக்க வெச்சு மூணு பேரு நின்னுக்கினு ஒப்பாரி வெச்சா உனக்கு எப்பிடி இருக்கும்? போம்மா அந்தாண்ட!” பிறகு குனிந்து உன் அம்மாவின் காதருகே, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: “அக்கா, பயப்படாதீங்க. உங்களுக்கு மூச்சு நான் உட்டுக்கினு இருக்கறேன். இப்ப உங்கள வண்டிக்குத் தூக்கப் போறோம். கொஞ்சம் ஆடும்.”

நைனா, நான் படித்தவன். கருவிகளைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மெஷினில் திரை அணைந்துவிட்டால் உள்ளே எதுவும் ஓடவில்லை என்று நாங்கள் முடிவு செய்வதில்லை, திரையைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். ஆனால் மனுஷி விஷயத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. அத்தை கம்மலைக் கழற்றியபோது நான் வெறுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் அந்த வண்டியில் மூன்று பேருக்கும் ஓய்வில்லை. கிரி முன்னாலிருந்து, “அண்ணா, ஸ்பீடு பிரேக்கர்” என்பார். முனிரத்தினம் உன் அம்மாவிடம், “அக்கா, இப்ப தூக்கிப் போடும்” என்பார். வளைவு வருவதற்கு முன்னால் சொல்வார். ஊசி போடுவதற்கு முன்னால் சொல்வார். கண்ணில் ஈரப் பஞ்சை வைப்பதற்கு முன்னால், “கண்ணு காஞ்சு போவும், அதுக்குத்தான்” என்பார். அவள் பதில் சொல்லாததை அவர் பொருட்படுத்தவே இல்லை. நடுவில் அவர் கை மரத்துப்போய், பையை என்னிடம் கொடுத்தார்.

“இன்ஜினீரா நீ? அப்ப புடி. மெதுவா அமுக்கு, உடு. கோவத்த அதுல காட்டாத. நெஞ்சு ஏறுதான்னு மட்டும் பாரு. வாய சும்மா வெச்சுக்கினு இருக்காத, அவங்ககிட்ட பேசு.”

“இன்னா பேசறது?”

“ஏன்யா, உன் பொண்டாட்டிதான? வூட்டுல இன்னா பேசுவ?”

ஜன்னலில் தெரிந்த போர்டுகளைச் சத்தமாகப் படித்தேன். டயர் கடை, சிமெண்ட் கடை, ஒரு கல்யாண மண்டபம், சந்திரகிரி வரப்போகிறது என்கிற பலகை. படித்துக்கொண்டே அமுக்கினேன். முனிரத்தினம் என்னை ஒரு பார்வை பார்த்தார். “பரவால்ல, அதையாச்சும் படி” என்றார்.

திருப்பதியில் நாங்கள் போன ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். வாசலில் ஒரு ஆள் வந்து, படுக்கை இல்லை, வேறு எங்கேயாவது போங்கள் என்றான். முனிரத்தினம் ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டார். வாசலுக்கு நடுவில் நிறுத்தி, பையை அமுக்கிக்கொண்டு நின்றார். “மெஷின் குடுக்கற வரைக்கும் இங்கயேதான் நிப்பேன். நீ கதவ சாத்து பாக்கலாம்” என்றார். கிரி வண்டியைச் சரிவில் குறுக்கே போட்டுவிட்டுச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சத்தம் பெரிதானது. யாரோ யார் சட்டையையோ பிடித்தார்கள். கெட்ட வார்த்தை இரண்டு பக்கமும் பறந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவர் குனிந்து, “அக்கா, இது உங்கள இல்ல, அந்தாள திட்டறேன்” என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு டாக்டர் ஓடி வந்து, படுக்கையும் வந்தது, மெஷினும் வந்தது. கிளம்புவதற்கு முன் முனிரத்தினம் அவள் காதில், “நான் எறங்கிக்கறேன் அக்கா. இனிமே மெஷினு ஊதும். அதுகூட சண்டை போடாதீங்க, அது போக்குல உட்டுடுங்க” என்றார். என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் உன் அம்மா கண்ணைத் திறந்தாள். அதற்கு அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை கரகரவென்று இருந்தது, ஆனாலும் பேசினாள். முதலில் உன்னைக் கேட்டாள். உன்னைக் கொண்டுவந்து காட்டினோம். நீ அவள் மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயைப் பிடித்து இழுத்தாய். “உன் பையன் இன்ஜினீருதான், வந்ததும் வயர புடுங்கறான் பாரு” என்றாள் என்னிடம். பிறகு அவள் அம்மாவைப் பார்த்து, “கம்மல கழட்டறப்ப காது எப்பிடி வலிச்சுது தெரியுமா? அத்தை எங்க, எனக்கு சக்களத்தி பாத்துட்டாளா?” என்றாள். உன் அம்மம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அத்தை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. உன் அம்மா என்னை மட்டும் விடுவாளா? “மனுசன் பொண்டாட்டிகிட்ட பேசறதுக்கு டயர் கடை பேருதான் கெடச்சுதா?” என்றாள். பிறகு சொன்னாள்: “அந்த ஆளு மட்டும் பேசிக்கினே வரலன்னா நான் செத்துட்டேன்னே நெனச்சிருப்பேன். நீங்க எல்லாம் அழுவறதக் கேட்டு, சரி, செத்தா இப்பிடித்தான் இருக்கும்போலன்னு இருந்தேன். அவன்தான் ஸ்பீடு பிரேக்கர் வருதுன்னான். செத்தவளுக்கு ஸ்பீடு பிரேக்கர் எதுக்கு?”

பிறகு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் கிருமி என்றார்கள். திரும்பவும் மெஷின். இந்தத் தடவை கண் திறக்கவில்லை. அதைப் பற்றி உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மருந்துப் பெயர்கள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன, அவை உனக்கு எதற்கு. அவள் காதில் மட்டும் பேசிக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை போர்டுகளைப் படிக்கவில்லை.

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். பாட்டு நின்று, சங்கத்துச் செயலாளர் லைனில் வந்தார். “வெரி சாரி பிரதர்” என்றார். ஆம்புலன்ஸ் ஆபீஸிலிருந்து அவர்களுக்கு ஒரு பட்டியல் வந்திருக்கிறது. நோயாளியை நாடித்துடிப்போடு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டால், அவர்கள் கணக்கில் அது உயிர் காத்த கேஸ். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அந்த ஆபீஸும் கேட்பதில்லை, ஆஸ்பத்திரியும் சொல்வதில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான், கேட்டைத் தாண்டிய சரக்கு நல்ல சரக்கு. லாரியில் என்ன உடைந்தது என்பது வேறு யாருடைய கவலையோ. அந்தப் பட்டியலில் எல்லாரையும் விடக் கஷ்டமான கேஸ் உன் அம்மாவுடையது என்று அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தத் தேர்வு சரியானது. அதனால்தான் என்னால் போனை வைக்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் செயலாளர் இன்னும் இரண்டு பேரோடு காரில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் லட்டு டப்பா. என் அப்பா அதைப் பார்த்ததும், “வருசம் திரும்பாத வூட்டுக்கு லட்டு இன்னாத்துக்குய்யா?” என்று கேட்டார். செயலாளர் சிரித்துக்கொண்டு டப்பாவை உன் கையில் கொடுத்தார். நீ பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாய்.

“விஷயம் இன்னான்னா பிரதர்,” என்றார், “அழைப்பிதழ் அடிச்சாச்சு, ஷீல்டுல ‘உயிர் காத்தமைக்காக’ன்னு பொறிச்சாச்சு. சீஃப் கெஸ்ட் அன்னிக்கி காலையில மலை மேல சாமி பாத்துட்டு நேரா மேடைக்கு வரார். சாமி பாத்துட்டு வரவர்கிட்ட சாவுச் சேதி சொல்லக் கூடாது பாருங்க, மனசு ஒரு மாதிரி ஆயிடும். மேடத்துக்கு உடம்பு சரியில்ல, வர முடியலன்னு நீங்க சொல்லிட்டா போதும்.”

“உடம்பு சரியில்லன்னா?”

“பொய் இல்ல பிரதர், சரியில்லாமதான போனாங்க.”

அவரோடு வந்தவர் இன்னும் நல்ல யோசனை வைத்திருந்தார். “மேடத்துக்குத் தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா? ஃபோட்டோக்கு மட்டும் பையன இடுப்புல வெச்சுக்கினு நின்னா போதும். பேரு போட மாட்டோம், குடும்பத்தினர்னு போட்டுக்கலாம்.”

என் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. உதவி செய்கிற முகம். எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. வெளியே போங்கள் என்று சொல்ல வாய் திறந்தபோது செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு, உங்களுக்குத் தெரியாது. அந்த முனிரத்தினம் மேல ஆஸ்பத்திரிக்காரங்க கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. வாசல மறிச்சான், கைய வெச்சான்னு. காண்ட்ராக்ட் வேலை, நிறுத்தறதுக்கு ஒரு கையெழுத்து போதும். இந்த அவார்டு வந்துட்டா ஆபீஸுல தொட மாட்டாங்க. பேஷண்ட் இல்லன்னு வெளிய தெரிஞ்சா இந்தக் கேஸு எங்க லிஸ்டுல நிக்காது, வேற வண்டிக்கு மாத்திடுவோம். யோசிச்சுக்குங்க.”

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நைனா, அவர்கள் என் கையில் என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று பார். அந்த மனுஷனின் வேலை நிலைக்க வேண்டும் என்றால் உன் அம்மா ஒரு மேடையில் உயிரோடு இருக்க வேண்டும். அவள் செத்துவிட்டாள் என்று நான் சொன்னால், அவளுக்கு மூச்சு விட்டவனுக்குப் பிழைப்பு போகும். இப்படி ஒரு கணக்கு உன் வாழ்க்கையில் உன்னிடம் வந்தால், அதைப் போட்டுக் கொடுத்தவனின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். உடனே பதில் சொல்லாதே. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். மண்டபத்து வாசலில் ஒரு ஆம்புலன்ஸுக்குச் சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்க அறையில் முனிரத்தினமும் கிரியும் பொங்கல் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சட்டை விறைப்பாக இஸ்திரி போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கிரி, “வாசல்ல வண்டி பாத்தியா அண்ணா? ஓடாத வண்டி. பேட்டரியே இல்ல. பின்னாலருந்து தள்ளிக்கினு வந்து நிறுத்தினாங்க” என்று சிரித்தார். முனிரத்தினம் எழுந்து என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அக்கா எங்கய்யா? வரலியா?”

அவருக்குத் தெரியாது. நான் யோசிக்காத ஒன்று அது. இத்தனை நாளும் அவர் மனசில் உன் அம்மா எங்கேயோ சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். “எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எறக்கி உட்டா எங்க வேலை முடிஞ்சுது. அடுத்த போன் வந்துடும். நீங்கதான் மொத மொத திரும்பி வந்த பார்ட்டி” என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். மேடையில் தெரிந்துகொள்வதை விட என்னிடமிருந்து தெரிந்துகொள்வது அவருக்கு மரியாதை என்று பட்டது. அவர் தட்டைக் கீழே வைத்தார். கிரி வெளியே போய்விட்டார்.

“கண்ணு தொறந்தாங்களா?” என்று கேட்டார்.

“தொறந்தா. பேசினா. புள்ளைய பாத்தா.” ஸ்பீடு பிரேக்கர் பற்றி அவள் சொன்னதைச் சொன்னேன். செத்தவளுக்கு ஸ்பீடு பிரேக்கர் எதுக்கு என்பதைக் கேட்டு அவர் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே உடைந்து, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். “நான் பேசறத யாரும் கேட்டேன்னு திரும்பிச் சொன்னதில்லய்யா. பைத்தியக்காரன் மாதிரி பேசிக்கினே போறான்னு கிரியே கிண்டல் பண்ணுவான்.”

செயலாளர் சொன்ன கணக்கையும் அவரிடம் சொன்னேன். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் பெரிய மனுஷன் மாதிரி எதுவும் சொல்லவில்லை. “எனக்கு அந்த ஷீல்டு வேணும்யா” என்றார் நேராக. “மூணு புள்ளைங்க. வேலை போனா நான் எங்க போவேன்? ஆனா ஒண்ணு, அக்கா பேர வெச்சு பொய்யும் வேணாம். ரெண்டும் ஆவற மாதிரி நீயே பாத்துச் சொல்லு. இன்ஜினீருதான?”

ரெண்டும் ஆகிற மாதிரி. எங்கள் வேலையில் அதற்கு ஒரு வழி உண்டு. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும், பிறகுதான் மெஷினில் கை வைக்க வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செயலாளரிடம் போய், பொன்னாடையும் ஷீல்டும் என் கையால் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து முடித்ததும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். “சூப்பர் பிரதர்! எமோஷனலா பேசுங்க!”

சீஃப் கெஸ்ட் பட்டு வேட்டியும் நாமமுமாக வந்தார். நிறையப் பேர் பேசினார்கள். மேடையில் இருந்தவர்களை ஒருத்தர் விடாமல் பெயர் சொல்லி வணங்கினார்கள், முனிரத்தினத்தின் பெயரை ஒருத்தர் கூடச் சரியாகச் சொல்லவில்லை. முனிகிருஷ்ணா என்றார்கள், முனிசாமி என்றார்கள். கடைசியில் கூப்பிட்டார்கள். நான் இரண்டு பேருக்கும் பொன்னாடை போட்டு, ஷீல்டைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, மைக்கை வாங்கினேன். தெலுங்கில்தான் பேசினேன். உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

“இவர் பேரு முனிரத்தினம். இவர் பேரு கிரி. இவங்க என் பொண்டாட்டிய காப்பாத்தல. அவ செத்துட்டா. நுரையீரல்ல கிருமி வந்து, இவங்க எறக்கி உட்டு பல நாள் கழிச்சு செத்தா. அதுல இவங்க தப்பு ஒண்ணும் இல்ல. இவங்க செஞ்சது வேற. கண்ணு தொறக்க முடியாம, மூச்சு உட முடியாம, எல்லாத்தையும் கேட்டுக்கினு கெடந்தவகிட்ட, சித்தூருலருந்து திருப்பதி வரைக்கும் நிறுத்தாம பேசினாங்க. நாங்க எல்லாம் அவள பொணம்னு நெனச்சோம், இவரு அக்கான்னு கூப்பிட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல அவளுக்காக சண்டை போட்டாரு, அதுக்கு இப்ப இவரு மேல கம்ப்ளெயின்ட். எனக்கு அவ ரெண்டு நாள் பேசினா. அந்த ரெண்டு நாள குடுத்தது இவங்க. அதுக்குத்தான் இந்த ஷீல்டு.”

அதற்குள் மைக் செத்துவிட்டது. அணைத்துவிட்டார்கள். தொகுப்பாளினி இன்னொரு மைக்கில், “இப்போது ஒரு அழகான பரதநாட்டியம்” என்றாள். சீஃப் கெஸ்ட், தீட்டுப் பட்ட மாதிரி, என் பக்கம் இருந்த தன் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே துடைத்தார், நான் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கியதும் செயலாளர் சிரித்த முகத்தோடு முனிரத்தினத்தின் கையிலிருந்த ஷீல்டைப் பிடித்தார்.

“குடுங்க தம்பி, வாசகம் கொஞ்சம் மாத்தணும். மாத்தி அனுப்பிடறோம்.”

முனிரத்தினம் விடவில்லை. “மாத்த வேணாம் சார். உயிரோடதான குடுத்தேன்? இவர் சம்சாரத்த நான் உயிரோடதான் குடுத்தேன். எழுதியிருக்கறது சரியாத்தான் கீது.” ஷீல்டைப் பொன்னாடையில் சுற்றிக் கிரியின் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய்விட்டார்கள். பரதநாட்டியத்துக்குப் பாட்டு ஆரம்பித்தது.

மறுநாளே அந்த வெட்டிய வீடியோ வந்துவிட்டது. யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து ஆபீஸில் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, நோயாளியின் புருஷனே சொல்கிறானே என்று கேட்டிருக்கிறார்கள். கிரிதான் எனக்குச் சொன்னார். ஒரு நாள் லீவு போட்டு, உன்னையும் தூக்கிக்கொண்டு சித்தூரில் ஆம்புலன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மீரேனா வீடியோலோ?” என்றார். வீடியோவில் இருப்பது நான்தான் என்றேன். வெட்டாத பேச்சை என் போனில் போட்டுக் காட்டினேன். மண்டபத்தில் கல்லூரிப் பையன் ஒருத்தன் எடுத்து வைத்திருந்ததைக் கேட்டு வாங்கியிருந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, வாசலில் கை வைத்தது தப்புதான் என்றார். தப்புதான் என்றேன். “மறுபடியும் அந்த மாதிரி வந்தா அவன் மறுபடியும் கை வெப்பான் போல” என்றார். “ஆமா சார்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். முனிரத்தினம் இன்றைக்கும் பங்காருபாளையம் வண்டியில்தான் இருக்கிறார். வெட்டிய வீடியோவும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முழு வீடியோவை நானும் போட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை, நீளமாக இருக்கிறதாம்.

நைனா, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருத்தனைப் பாராட்ட வேண்டும் என்றால் அவன் என்ன செய்தான் என்று பார்த்துப் பாராட்டு, அது எப்படி முடிந்தது என்று பார்க்காதே. முடிவு அவன் கையில் இல்லை. முடிவு நன்றாக இருந்தால்தான் மாலை என்கிறவர்களுக்கு அவன் வேலை தேவையில்லை, அவன் பக்கத்தில் நிற்கிற போட்டோதான் தேவை. அப்படிப்பட்டவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். லட்டு கொண்டு வருவார்கள். குழந்தையைக் கொஞ்சுவார்கள்.

இன்றைக்கு மத்தியானம் செயலாளர் மறுபடியும் கூப்பிட்டார். கோபமே இல்லை அவருக்கு. அந்த நிகழ்ச்சி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதாம், சங்கத்துக்கு நல்ல பேராம். “ஒரு நல்ல நியூஸ் பிரதர்” என்றார். அடுத்த வருஷத்திலிருந்து இந்த விருதை உன் அம்மா பெயரிலேயே கொடுக்கப் போகிறார்களாம். கோமதி நினைவு உயிர் காப்பு விருது. “யாருக்குக் குடுப்பீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“இந்த வாட்டி ஒழுங்கா செக் பண்ணித்தான் பிரதர். பேஷண்ட் உயிரோட இருந்தாத்தான். அதுல இனிமே காம்ப்ரமைஸே கெடையாது. மேடத்தோட நல்ல ஃபோட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்புல போட்டுடுங்க. சிரிச்ச மாதிரி இருந்தா நல்லது.”

வேண்டாம் என்றேன். அவள் பெயரைத் தொடாதீர்கள் என்றேன். “யோசிங்க பிரதர், சாயங்காலம் கூப்பிடறேன்” என்றார். நீ தரையில் உட்கார்ந்து என் ஸ்க்ரூ டிரைவரால் எதையோ கழற்றிக்கொண்டிருக்கிறாய். சாயங்காலம் ஆகப்போகிறது. போனை அணைத்துவிட்டேன்.